மரண அறிவித்தலுக்குள் விசிலடித்தவர்

விசுவமடுச் சந்தியில் ஒரு மனிதர் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே விட்டு எங்கள் வானை மறித்தார். ஹெல்மெற்றைக் கழற்றி ஹாண்டிலில் கொழுவிவிட்டு, வானின் கூரையில் இருந்த இரண்டு ஒலிபெருக்கிகளையும் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு என் மனுசனைப் பார்த்தார்.

"செத்தது என்ர பெரியப்பா. அவற்ற அறிவித்தலுக்குள்ள ஆர் விசிலடிக்கிறது?"

ஒருவரும் விசிலடிக்கவில்லை. ஆனால் விசில் கேட்டது, அதை மறைக்க முடியாது. நான் "ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருகின்றோம்" என்று வாசிக்க, அடியில் ஒரு விசில் ஊஊஊ என்று ஓடிக்கொண்டிருந்தது. என் மனுசன் ஆக்சிலேற்றரை மிதித்தால் விசிலும் ஏறியது, காலை எடுத்தால் இறங்கியது. கியர் மாற்றும்போது ஒருமுறை மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பவும் தொடங்கியது. பெரியப்பா செத்த வீட்டுக்காரருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு விளங்கியது. ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன். அவர் நான் அழுகிறேன் என்று நினைத்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

எங்கள் தொழில் இதுதான். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஒரு வீட்டில் யாராவது காலமானால், ஊர் ஊராக வானில் போய் ஒலிபெருக்கியில் அறிவிப்போம். இடைக்கிடை கோயில் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி, காணாமற்போன மாடு என்றும் வரும். ஆனால் அடுப்பு எரிவது சாவால்தான். வான் ஓட்டுவது என் மனுசன். வாசிப்பது நான். வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பதிவுசெய்து கொடுப்பேன், அதை இவர் வானில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு போவார். சமையல் இல்லாத நாட்களில் நானும் முன்சீற்றில் ஏறிப் போவேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பென் டிரைவ் செருகுகிற ஒரு மலிவுப் பெட்டியும் பழைய அம்பிளிபயரும் இருந்தன, அவ்வளவுதான். பிறகு வவுனியாவில் ஒரு இன்ரநெற் கடையை மூடினார்கள். அங்கிருந்து இவர் ஒரு சின்னக் கொம்பியூட்டரை வாங்கிக்கொண்டு வந்தார். அகராதிப் புத்தகத்தின் அளவுதான் இருக்கும். அதை வானின் முன்சீற்றுக்கு அடியில் பூட்டி, டாஷ்போட்டில் ஒரு சின்னத் திரையும் வைத்தார். பின்சீற்றுக்கு அடியில் புதிய அம்பிளிபயர் வந்தது. இனி ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு அறிவித்தல், நடுவில் சோக வாத்தியம், திரையில் படம் என்று எனக்கு விளக்கினார். வானுக்குள் இருக்கிற படத்தைத் தெருவில் நிற்கிறவன் எப்படிப் பார்ப்பான் என்று கேட்டேன். அவர் திரையைத் துணியால் துடைக்கத் தொடங்கினார்.

போன் செய்யக்கூடிய வேலையைத்தான் அந்தக் கொம்பியூட்டரும் செய்தது. ஆனால் போனை யாரும் யன்னலால் எட்டிப் பார்த்து, "அண்ணை, உதென்ன கொம்பியூட்டரோ?" என்று கேட்கமாட்டார்கள். அந்தக் கேள்விக்காகவே இவர் சந்திகளில் வானை மெதுவாக்கினார்.

கொம்பியூட்டரோடு மூன்று சத்தங்களும் வந்து குடியேறின. முதலாவது இந்த விசில். இரண்டாவது, வானின் சாவியைத் திருப்பும்போதும் நிறுத்தும்போதும் ஒலிபெருக்கிகள் போடுகிற "டொம்". மூன்றாவது, என் குரலுக்கு அடியில் யாரோ கச்சான் கடலை உடைப்பதுபோல ஒரு கிர்ர்-டிக், கிர்ர்-டிக். மூன்றுக்கும் இவர் ஒரே காரணத்தைத்தான் கண்டுபிடித்தார்.

"உம்மட குரலிலதான் ஏதோ பிழை. மூக்கால காத்துப் போகுது."

"சாவி திருப்பேக்க டொம் எண்டுதே. அதுவும் என்ர மூக்கோ?"

"அது வேற. நான் விசிலைச் சொல்லுறன்."

"பாட்டுப் போட்டாலும் விசில் கேக்குதெல்லோ?"

"பாட்டுக்குள்ள விசில் இருக்கிறது வழமைதானே."

இப்படிப்பட்ட மனுசனோடு எதை வைத்து வாதாடுவது? தான் பூட்டிய வயர் பிழைக்காது என்பது அவருடைய வேதம். பிழைக்கக்கூடியது வானில் ஒன்றே ஒன்றுதான், அது நான்.

இந்த நேரம் பார்த்து மல்லாவியில் இருந்து இவருடைய கூட்டாளி வந்தார். அவரும் அறிவித்தல் தொழில்தான், ஓட்டோவில் செய்கிறார். வந்தவர் என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே தன் போனை நீட்டினார். அறிவித்தலை எழுதிக் கொடுத்தால் மெசினே வாசிக்குமாம். ஒரு பெண் குரல் தெளிவாக, பிசிறில்லாமல் ஒரு சாவை வாசித்தது. அவள் வாசித்த விதத்தில் செத்தவருக்குப் பரிசு விழுந்ததுபோல இருந்தது.

"ஆம்பிளைக் குரலும் இருக்கு, பொம்பிளைக் குரலும் இருக்கு," என்றார் மல்லாவிக்காரர். "தடிமன் வராது, தொண்டை கட்டாது, கோவமும் வராது. உன்ர கொம்பியூட்டரில போட்டு விடுறன். அக்காவுக்கும் கரைச்சல் இல்லை."

கோபம் வராது என்றபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு மிகவும் பாடுபட்டார். இவர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பாப்பம்" என்றார். எங்கள் வீட்டில் "பாப்பம்" என்றால் பாதி முடிந்த மாதிரி. அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பழைய சோற்றைப் போட்டேன்.

எனக்கு அந்த வேலை வேண்டும். இதை நான் வேறு யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் கூட்டுப் பாட்டுக்கு நிற்கும்போது, என்னை வாயை மட்டும் அசைக்கச் சொன்ன ரீச்சர் ஒருவர் இருந்தார். அவர் வேண்டாம் என்ற அந்தக் குரலைக் கேட்டுத்தான் இன்று சனம் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடி வருகிறது. சந்தையில் மீன் பார்த்துக்கொண்டு நிற்கும்போது முன்பின் தெரியாத ஒருத்தி வந்து, "எங்கட அம்மாவை வடிவா வாசிச்சீங்கள் அக்கா" என்று கையைப் பிடிப்பாள். ஒரு கொம்பியூட்டருக்காக அதை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. சத்தங்கள் மூன்றையும் நானே துரத்துவது என்று முடிவெடுத்தேன். அவற்றைத் துரத்தினால் மெசின்காரிக்கு வானில் இடம் இல்லை, துரத்தாவிட்டால் எனக்கு இடம் இல்லை.

வயர் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் குழம்பில் உப்புக் கூடினால் எந்தப் பொருளால் கூடியது என்று தேடத் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு என் குரலைப் போட்டேன், விசில் இல்லை. ஆகவே என் மூக்குக்கு விடுதலை. எஞ்சினை ஓடவிட்டு, கொம்பியூட்டரில் இருந்து அம்பிளிபயருக்குப் போகிற வயரைக் கழற்றினேன், விசில் இல்லை. அந்த வயரில் கொம்பியூட்டருக்குப் பதிலாக என் போனைச் செருகினேன், அப்போதும் விசில் இல்லை. கொம்பியூட்டரும் நல்லது, அம்பிளிபயரும் நல்லது, ஒன்றாகக் கொழுவினால்தான் சண்டை. நான் சம்பந்தி வீடுகளை நினைத்துக்கொண்டேன்.

இவர் முல்லைத்தீவு ரோட்டில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணனிடம், எங்களுக்கு அவர் நானா, போய் ஒரு பில்ரர் வாங்கி வந்தார். அதைப் பூட்டியதும் விசில் கொஞ்சம் வெட்கப்பட்டது, ஆனால் போகவில்லை. இன்னொன்று வாங்கி வந்தார். சாம்பாரில் காய் போடுகிற மாதிரி வானில் பில்ரர்களைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் போனில் தேடித் தேடி வாசித்தேன். ஊர் பேர் தெரியாத நாட்டில் இருக்கிறவர்களுக்கும் இதே விசில் இருந்தது. அவர்களும் மனைவியைக் குற்றம் சொன்னார்களா என்று மட்டும் அதில் எழுதியிருக்கவில்லை.

விசயம் எர்த்தில் இருந்தது. கொம்பியூட்டரின் எர்த் வயரை இவர் டாஷ்போட்டுக்கு அடியில் வானின் தகரத்தோடு முறுக்கியிருந்தார். அம்பிளிபயரின் எர்த் வயரைப் பின்சீற்றுக்கு அடியில், பெயின்ற் பூசிய இரும்புக்கு மேலேயே வைத்து இறுக்கியிருந்தார். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் இருக்கிற தகரத்தில் டைனமோவின் கரண்ட் எல்லாம் நடமாடுகிறது. அந்த நடமாட்டம்தான் வயர் வழியாக ஏறி என் குரலோடு சேர்ந்து ஊர் சுற்றியது. எஞ்சின் வேகமாக ஓடினால் அதுவும் உற்சாகமாகக் கத்தும்.

"ரெண்டுக்கும் ஒரே இடத்தில எர்த் குடுங்கோ," என்றேன். "பெயின்றைச் சுரண்டிப்போட்டு."

"வானைச் சுரண்டுறதோ? புதுசாப் பெயின்ற் அடிச்சது!"

பெயின்றுக்காக என் மூக்கைக் குற்றவாளி ஆக்கிய மனுசன் அவர். தேங்காய் துருவும்போது வருகிற ஆத்திரத்தோடு நானே குசினிக் கத்தியை எடுத்துக்கொண்டு போய், பின்சீற்றுக்கு அடியில் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டினேன். இரண்டு வயரையும் ஒரே போல்ட்டில் வைத்து இவர் இறுக்கினார். சாவியைத் திருப்பி, எஞ்சினை உறுமவிட்டு, என் குரலைப் போட்டார். விசில் போய்விட்டது. இவர் கொஞ்ச நேரம் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"நான் அண்டைக்கே நினைச்சனான் எர்த்திலதான் எண்டு," என்றார்.

கத்தி என் கையில்தான் இருந்தது.

இரண்டாவது சத்தம் எங்களை ஊரில் நாறடித்தது. ஒரு சாவீட்டில் தேவாரம் போடுவதற்கு எங்களை வைத்திருந்தார்கள். வேலியோடு வான் நின்றது. உள்ளே ஐயர் கிரியை நடத்த, பெண்கள் உரலைச் சுற்றி நின்று கிரியைக்கான சுண்ணப் பொடியைப் பாடிப் பாடி இடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பாடும் நேரத்தில் எங்கள் தேவாரம் எதற்கு என்று இவர் மரியாதையாகச் சாவியைத் திருப்பி எல்லாவற்றையும் நிறுத்தினார். இரண்டு ஒலிபெருக்கியும் சேர்ந்து "டொம்!" என்றன.

எங்கள் பக்கத்தில் பிரேதம் வாசல் படலையைத் தாண்டும்போது வெடி கொளுத்துவார்கள். வெடி கேட்டால் எடுத்தாயிற்று என்று அர்த்தம். தெருவில் நின்ற மேளகாரர்கள் உடனே அடிக்கத் தொடங்கினார்கள். பாடை தூக்க நின்ற நான்கு பேரும் சிகரெட்டை எறிந்துவிட்டுப் பந்தலுக்குள் பாய்ந்தார்கள். குடை பிடிக்கிறவர் குடையை விரித்துவிட்டார். ஐயர் இரண்டு கையையும் தூக்கி, "பொறுங்கோ! பொறுங்கோ! இன்னும் முடியேல்லை!" என்று கத்தினார். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு யார் வெடி கொளுத்தியது என்று பார்த்தார்கள். செத்தவர் ஒருவர்தான் அவசரப்படாமல் இருந்தார்.

டொம் வருகிற காரணமும் பெரிய விசயம் இல்லை. கொம்பியூட்டரும் அம்பிளிபயரும் ஒரே நேரத்தில் எழும்பின, ஒரே நேரத்தில் படுத்தன. கொம்பியூட்டர் எழும்பும்போதும் படுக்கும்போதும் ஒரு உதறல் உதறும். அந்த நேரம் அம்பிளிபயர் விழித்திருந்தால் அந்த உதறலைப் பெரிதாக்கி ஊருக்குக் கொடுக்கும். அம்பிளிபயர் கடைசியாக எழும்பி, முதலில் படுக்க வேண்டும். விழாக்களுக்கு வருகிற பிரமுகர்களைப் பார்த்திருப்பீர்கள், எல்லாரும் வந்து குந்திய பிறகு வருவார்கள், பேசி முடிந்ததும் முதல் ஆளாகப் போவார்கள். அம்பிளிபயருக்கும் அந்தப் பழக்கத்தைப் பழக்கினால் போதும்.

முதலில் அம்பிளிபயருக்குத் தனியாக ஒரு சுவிச் வைத்தோம். சாவியைத் திருப்பமுன் அதை அணைக்க வேண்டும் என்பது சட்டம். சட்டத்தை இவர் ஒவ்வொரு முறையும் டொம் என்று கேட்ட பிறகு ஞாபகப்படுத்திக்கொண்டார். கடைசியில் நானா கொழும்பில் இருந்து நேரம் பிந்தி வேலைசெய்கிற ஒரு ரிலே எடுப்பித்துத் தந்தார். இப்போது சாவியைத் திருப்பினால் கொம்பியூட்டர் எழும்பி முகம் கழுவித் திரையைக் காட்டிய பிறகுதான் அம்பிளிபயருக்குக் கரண்ட் போகும். நிறுத்தினால் அம்பிளிபயர் உடனே படுத்துவிடும், கொம்பியூட்டர் ஆறுதலாகப் படுக்கும். ஊரில் அகால வெடி நின்றது.

மிஞ்சியது கிர்ர்-டிக். அதுதான் எங்களை உண்மையில் அலைத்தது. போன் சார்ஜரைக் கழற்றினோம். சின்ன மின்விசிறியைக் கழற்றினோம். திரையைக் கழற்றினோம். வைப்பருக்குப் போகிற வயர், உள்லைற்றுக்குப் போகிற வயர் என்று வானில் இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தோம். சத்தம் அசையவில்லை. இவர் திரும்பவும் என் முகத்தைப் படிக்கத் தொடங்கினார்.

"உம்மட கடவாய்ப்பல்லுக்குள்ள இடைவெளி இருக்கெல்லோ..." என்றார்.

மறுநாள் வானை நானாவின் கடைக்கே கொண்டுபோனோம். நானா உள்ளே குந்தியிருந்து வெகுநேரம் கேட்டார். அவருடைய கண் டாஷ்போட்டுக்கு நடுவில் ஒரு இடத்தில் போய் நின்றது, பிறகு நாகரிகமாக யன்னலுக்கு வெளியே போய்விட்டது.

"எல்லாம் கழட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"எல்லாம்," என்றார் இவர்.

"எல்லாமா?"

"ஓம் நானா, எல்லாம்தான்."

"அப்ப சரி," என்றார் நானா. தேத்தண்ணி எடுப்பித்துத் தந்து அனுப்பினார்.

திரும்பி வரும் வழியில் நான் நானாவின் கண் போன இடத்தைப் பார்த்தேன். அங்கே பிள்ளையார் இருந்தார். பிளாஸ்ரிக் சட்டத்துக்குள் பிள்ளையார், அவரைச் சுற்றிச் சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சின்ன லைற்றுகள் ஓடிக்கொண்டிருந்தன. சிவப்பு ஒரு சுற்று, டிக். பச்சை ஒரு சுற்று, டிக். இந்தப் பக்கத்தில் ஓடுகிற வான், பஸ், ஓட்டோ எல்லாவற்றிலும் இப்படி ஒரு சாமி இருப்பார். வெள்ளிக்கிழமைகளில் பூ மாறும், கற்பூரம் காட்டுவார்கள், ஆனால் அந்த லைற்றை ஒருவரும் அணைப்பதில்லை. அணைக்கலாம் என்ற நினைவுகூட யாருக்கும் வருவதில்லை. வானில் இருந்த எல்லாவற்றையும் கழற்றினோம் என்று சத்தியம் செய்த எங்கள் கணக்கில் பிள்ளையார் ஒரு பொருளே இல்லை. நானாவுக்கு அது பொருளாகத் தெரிந்தது. ஆனால் அடுத்தவர்களின் சாமியில் கை வைக்கிற ஆள் அவர் இல்லை.

"நிப்பாட்டுங்கோ வானை," என்றேன்.

ஓரமாக நிறுத்தினார். என் குரல் ஓடிக்கொண்டிருந்தது, அடியில் கச்சான் உடைந்துகொண்டிருந்தது. நான் கையை நீட்டினேன்.

"ஏய், ஏய், என்ன செய்யிறீர்?"

"பிள்ளையாரைக் கழட்டுறன்."

"விசரே உமக்கு? ஓடுற வானில சாமி விளக்கை அணைக்கிறதோ?"

"வான் நிக்குதெல்லோ."

"அப்ப பிள்ளையார்தான் இரையிறார் எண்டு சொல்லுறீரோ?"

"பிள்ளையார் இல்லை. அவற்ற லைற்."

வயரைப் பிடுங்கினேன். லைற் அணைந்தது, கச்சான் உடைப்பது நின்றது. வானுக்குள் என் குரல் மட்டும் தனியாக நின்றது. இவர் ஸ்ரேறிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் வராமல் இல்லை, நான் ஒரு முறை போட்டுக்கொண்டேன். பிறகு வயர் எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தேன். கொம்பியூட்டருக்குக் கரண்ட் போகிற வயரையே கிள்ளி, அதில் பிள்ளையாரின் லைற்றை முறுக்கியிருந்தார் என் மனுசன். கிட்டக் கிடந்த வயர் அதுதானாம். அந்த லைற் ஒவ்வொரு நிறத்துக்கும் மாறும்போது போடுகிற சத்தம் எல்லாம் நேரே கொம்பியூட்டருக்குள் போய், அங்கிருந்து என் பல்லிடுக்குக்குள் வந்திருக்கிறது.

பிள்ளையாரை இருட்டில் வைக்க இவர் சம்மதிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அவருக்குத் தனியாக ஒரு சின்னப் பற்றரி வாங்கிக் கொடுத்தோம். வானில் சொந்தமாகக் கரண்ட் வைத்திருப்பவர் இப்போது அவர் ஒருவர்தான். சாவியைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனாலும் அவர் அங்கே தன் பாட்டுக்கு மின்னிக்கொண்டிருப்பார்.

ஆகவே வான் சுத்தமாயிற்று. ஒரு சத்தமும் இல்லாத வானுக்கு முதலாவதாகக் கிடைத்தது கண்டாவளையில் ஒரு ஐயாவின் சாவு. வயல் செய்தவர், நல்ல வயது போய்க் காலமானவர். மகன் காலையிலேயே போன் எடுத்து விபரம் தந்தார். நான் அவசரமாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தேன். குசினியில் இவர் யாருடனோ போனில் கதைத்துக்கொண்டிருந்தது தெரியும். அது என்றைக்கும் நடக்கிறதுதான். சேவல் கூவும், அடுத்த வீட்டில் குக்கர் கூவும், இவர் கதைப்பார். முன்பு பழைய அம்பிளிபயரில் இவ்வளவு நுணுக்கமாக ஒன்றும் கேட்காது, பிறகு அதெல்லாம் விசிலுக்கும் கச்சானுக்கும் அடியில் புதைந்து போய்விடும், ஒருவருக்கும் கேட்காது. கேட்காமல் இருந்ததற்கு அந்தச் சத்தங்கள்தான் காரணம் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. போனில் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன், சின்ன ஸ்பீக்கரில் எல்லாம் சரியாக இருந்தது.

நானும் ஏறிப் போனேன். என் குரலைத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று ஆசை. கண்டாவளையில் வயல் ரோட்டால் வான் போனது. இரண்டு பக்கமும் களை பிடுங்கிக்கொண்டிருந்த சனம் நிமிர்ந்து பார்த்தது. இவர் பெருமையோடு சத்தத்தைக் கூட்டினார். என் குரல் வயலுக்கு மேலால் தண்ணீர் மாதிரிப் போனது.

"கண்டாவளையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்டவர் இன்று காலமானார்."

அங்கே நான் வழமையாக ஒரு மூச்சு விடுவேன். கேட்கிறவர்கள் ஆர், ஆர் என்று ஆளுக்காள் கேட்டுக்கொள்வதற்காக விடுகிற இடைவெளி அது. அந்த இடைவெளிக்குள் தூரத்தில் இருந்து, ஆனால் மிகத் தெளிவாக, இன்னொரு குரல் வந்தது.

"டேய், உன்ர மெசின் நல்லாத்தான் வாசிக்குது. எண்டாலும் எனக்கு வேண்டாம்."

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஒலிபெருக்கி இருந்த கூரையைப் பார்த்தேன். ஐயாவின் பெயர் எங்கள் தலைக்கு மேலால் போனது.

"அன்னாரின் இறுதிக்கிரியைகள் நாளை காலை அன்னாரின் இல்லத்தில் நடைபெற்று..."

"அது எல்லாற்ற சாவையும் ஒரே மாதிரி வாசிக்குதடா. மனுசி வாசிச்சால், செத்தவருக்கு ஆக்கள் இருக்கினம் எண்டு தெரியும்."

"பூதவுடல் தகனக்கிரியைக்காக இந்து மயானத்துக்கு எடுத்துச் செல்லப்படும்."

"நான் செத்தாலும் அவதான் வாசிக்கோணும். விளங்குதோ? நான் போனாப்போல உன்ர மெசினைக் கொண்டுவந்து வைச்சிடாதை."

வயலில் நின்ற ஒரு பெண் கையில் பிடித்த களையோடு அப்படியே நின்றாள். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றினார். இவர் திரையில் நிறுத்துகிற இடத்தைத் தேடித் தட்டிக்கொண்டிருந்தார், ஆனால் இடம் மாறித் தட்டியதில் அது இன்னொரு முறை முதலில் இருந்து தொடங்கிவிட்டது. அம்பிளிபயரின் சுவிச்சை நான்தான் அமத்தினேன். ஒரு டொம்மும் இல்லாமல் அது அடங்கியது.

என் போன் அடித்தது. செத்தவரின் மகன்.

"அக்கா, எங்கட அப்பா செத்ததைத்தானே சொல்லச் சொன்னனான்? உங்கட அவரும் சாகப்போறாராம் எண்டு சனம் எனக்கு எடுத்துக் கேக்குது!"

மன்னிப்புக் கேட்டேன். இப்போதே திரும்ப வாசித்துப் போடுகிறோம் என்றேன். நல்ல பிள்ளை, சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் போனை வைத்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு காலமும் மூக்கு, பல்லு என்று என்னைத் தின்ற மனுசன், முகத்துக்கு நேரே ஒரு நல்ல சொல் சொல்லத் தெரியாத மனுசன், அதைப் போயும் போயும் மல்லாவிக்காரனிடம் சொல்லியிருக்கிறார். அது எனக்குத் தெரியமுன் கண்டாவளை முழுவதற்கும் தெரிந்துவிட்டது. கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அதை நான் பார்க்க விரும்பவில்லை. போனை எடுத்து, பதிவுசெய்கிற இடத்தை அமத்தி, வாசிக்கத் தொடங்கினேன்.

"கண்டாவளையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்டவர் இன்று..."

அடுத்த சொல் வரவில்லை. எத்தனை பேருக்கு வாசித்திருக்கிறேன், பால் காய்ச்சிக்கொண்டே வாசித்திருக்கிறேன். திரும்பத் தொடங்கினேன். பக்கத்தில் இவர் ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கழுத்தில் வியர்வை ஓடியது. காலமானார் என்ற அந்த ஒரு சொல்லில் என் குரல் திரும்பவும் உடைந்தது. அது வயரும் இல்லை, எர்த்தும் இல்லை, பிள்ளையாரும் இல்லை.

இவர் கதவைத் திறந்து இறங்கி, வயல் வரம்பில் கொஞ்சத் தூரம் நடந்து போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் அங்கே நிற்கும்போது வாசித்து முடித்தேன். ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். காகம் ஒன்று கேட்டது, அது பரவாயில்லை.

"வாங்கோ," என்று கூப்பிட்டேன். "நேரம் போகுது."

வந்து ஏறினார். காலில் சேறு. சாவியில் கை வைத்துக்கொண்டு திருப்பாமல் இருந்தார்.

"ஒண்டு சொல்லுறன், கேட்டுக்கொள்ளுங்கோ," என்றேன். "உங்களுக்கு நான் வாசிக்கமாட்டன்."

"அப்ப ஆர் வாசிக்கிறது?"

"சாகாதேங்கோ."

அவர் என்னைப் பார்க்காமல் தலையை ஆட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினார்.